ஒன்பது கிராம் மோட்டாரும் ஐந்து ஹெச்.பி. மோட்டாரும்

விழுந்த விமானத்தை எடுத்துப் பார்த்தால் எல்லாமே ஒழுங்காக வேலை செய்கிறது. ரிமோட் விமானம் விடும் இந்தப் பொழுதுபோக்கில் இதைவிட எரிச்சலான விஷயம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஒரு வயர் அறுந்திருந்தால் நிம்மதி. பேட்டரி உப்பியிருந்தால் நிம்மதி. ரிமோட்டைத் தட்டினால் சுக்கான் ஆடுகிறது, எலிவேட்டர் ஆடுகிறது, மோட்டார் சுற்றுகிறது என்றால் யாரைத் திட்டுவது?

சித்திரை கடைசி ஞாயிறு. ஏரி சுத்தமாக வறண்டு கிடந்தது. எங்கள் களமருதூர் பையன்கள் கிரிக்கெட் ஆடி ஆடித் தேய்த்து வைத்திருக்கும் ஒரு நீளத் துண்டுதான் என் ஓடுதளம். சுற்றிலும் சீமைக்கருவேலம். நாலு நிமிடம் நன்றாகப் பறந்த என் ட்ரெய்னர், மூன்று தென்னை உயரத்திலிருந்து கொஞ்சம் மூக்கைக் கவிழ்த்து வேகம் எடுத்தது. திருப்பித் தூக்கலாம் என்று இரண்டு குச்சிகளையும் சேர்த்து இழுத்தேன். மோட்டார் சத்தம் பட்டென்று நின்றது. விமானம் நான் சொன்னதைக் கேட்கவில்லை. ஒன்றரை, இரண்டு நொடி இருக்கும். தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் எலிவேட்டர் திடீரென்று மேலே தூக்கியதைக் கண்ணால் பார்த்தேன். அது போதவில்லை.

ஊர் தெரியாதவர்களுக்கு: களமருதூர் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கிறது. 2019 நவம்பர் வரை விழுப்புரம் மாவட்டம், அதற்கப்புறம் கள்ளக்குறிச்சி மாவட்டம். விமானத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட விமான ஓடுதளம் ஒன்று உளுந்தூர்பேட்டை பக்கத்தில் இன்னும் கிடக்கிறது. அதில் ஒரே ஒரு தடவை என் ட்ரெய்னரை ஓடவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அரசாங்க நிலம், அதனால் ஆசையோடு நிறுத்திக்கொண்டேன். ஏரியே போதும்.

விமானத்தின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். தேர்தல் தட்டிகளுக்குப் பயன்படுத்துவார்களே, நடுவில் குழல் குழலாக ஓடும் பிளாஸ்டிக் அட்டை, அந்தச் சன்பேக் ஷீட்டில் வெட்டியது. இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை 140 சென்டிமீட்டர். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கமும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். கையை எடுத்துவிட்டால் தானே நிமிர்ந்துகொள்ளும், கற்றுக்கொள்பவனை மன்னிக்கும் அமைப்பு. பேட்டரி மூன்று செல் லித்தியம் பாலிமர், 2200 மில்லி ஆம்பியர் அவர். உள்ளே தகடுகளைத் திருப்ப நாலு சர்வோ, எல்லாம் ஒன்பது கிராம் ரகம். இரண்டு இறக்கை ஓரத் தகடான எய்லரானுக்கு, ஒன்று மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டருக்கு, ஒன்று வால் சுக்கானுக்கு. சர்வோவையும் இறக்கையின் ஓரத் தகட்டையும் இணைக்கும் புஷ்ராட் எல்லாம் சைக்கிள் போக்ஸ் கம்பி. இந்தக் கம்பியைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

உடைந்த மூக்கைத் தூக்கிக்கொண்டு வரும் வழியில் மாமா கடை. அம்மாவின் தம்பி. முப்பது வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறார். கடை வாசலில் எப்போதும் நாலைந்து பம்புசெட் மோட்டார்கள் வயிறு திறந்து கிடக்கும், உள்ளே வார்னிஷ் வாசனை.

“என்னா மாப்ள, ஏரோப்ளேன் போச்சா?”

“போச்சு மாமா. ஏன்னுதான் தெரியல. எல்லாமே வேல செய்யுது.”

அவர் விமானத்தை வாங்கி வயிற்று மூடியைத் திறந்து, உள்ளே இருந்த வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியை விரலால் தொட்டார். உடனே கையை எடுத்துவிட்டார். ஏரியிலிருந்து கடைக்கு நடந்துவர எனக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அப்போதும் அப்படிச் சூடு.

“விழுந்தப்ப மோட்டார் நின்னுச்சா?”

“நின்னுச்சு.”

“அப்பறம் தானா வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்ப லோ வோல்டேஜ்தான். காட்டுல மோட்டார் நின்னு போச்சுன்னு ஓடி வருவாங்க. போய்ப் பாத்தா கரண்ட் இருக்கும், மோட்டார் நல்லா இருக்கும், பச்ச பட்டன அமுக்குனா ஓடும். நடுவுல ஒரு தடவ வோல்டேஜ் விழுந்திருக்கும், ஸ்டார்ட்டர்ல நோ-வோல்ட் காயில் விட்டுருக்கும். அவ்ளோதான் கத.”

அந்த இடத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு மூன்று வாரம் ஆனது.

சர்வோ என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். தீப்பெட்டியைவிடச் சின்னப் பெட்டி. உள்ளே ஒரு குட்டி மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்ட நாலைந்து பல்சக்கரம், கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்ல ரேடியோ வால்யூம் திருகு போன்ற ஒரு பொட்டென்ஷியோமீட்டர், இவற்றை மேய்க்க ஒரு சில்லு. ரிமோட் சொல்வதைக் கேட்கும் ரிசீவரிலிருந்து நொடிக்கு 50 தடவை ஒரு துடிப்பு வரும். துடிப்பின் அகலம் ஒன்றரை மில்லி செகண்ட் என்றால் நடுவில் நில். ஒன்று என்றால் ஒரு கோடி, இரண்டு என்றால் மறுகோடி. சொன்ன இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் வித்தியாசம் இருக்கிறவரை மோட்டாருக்குக் கரண்ட் போகும். வித்தியாசம் தீர்ந்தால் நின்றுவிடும். சும்மா நிற்கும் சர்வோ பத்து மில்லி ஆம்பியருக்குள்தான் எடுக்கும், அதுவும் சில்லுக்கு.

பழைய காலத்தில் இதற்குக் கரண்ட்டே பெரிதாகத் தேவைப்படவில்லை. 1937-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற அண்ணன் தம்பி ‘கஃப்’ என்று பெயரிட்ட மாடல் விமானத்தை ரேடியோவால் பறக்கவிட்டார்கள். அதில் சுக்கானைத் திருப்பியது முறுக்கிவிட்ட ரப்பர் பேண்டு. ரேடியோ சிக்னல் ஒரு கொக்கியை மட்டும் விடுவிக்கும், வேலையை ரப்பர் பார்த்துக்கொள்ளும். அவர்கள் ஊர் பெயர் கலமசூ. களமருதூர்க்காரனான எனக்கு இதைப் படித்ததிலிருந்து ஏதோ பங்காளி ஊர் மாதிரி ஒரு பாசம்.

சரி, கணக்குக்கு வருவோம். நாலு சர்வோ எவ்வளவு கரண்ட் குடிக்கும்? இதைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் “ஒன்னும் பெருசா இல்ல” என்பது. அந்தப் பதில் சரி. அதை நம்பித்தான் நான் விழுந்தேன்.

ரிசீவருக்குப் போகும் சிவப்பு வயரை வெட்டி நடுவில் மல்டிமீட்டரைப் பத்து ஆம்பியர் வரம்பில் போட்டேன். எல்லாம் சும்மா நிற்கும்போது, ரிசீவரையும் சேர்த்து, 80 மில்லி ஆம்பியர் பக்கத்தில் காட்டியது. குச்சிகளைப் பறக்கும்போது ஆட்டுவது போல் மெதுவாக ஆட்டினால் 250, 300. வேண்டுமென்றே கலக்கு கலக்கென்று கலக்கினால் 600 தாண்டியது. சராசரி 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிடம் பறந்தால் 40 மில்லி ஆம்பியர் அவர். அதே எட்டு நிமிடம் பறந்து இறங்கிய பிறகு சார்ஜ் போடும்போது பேட்டரிக்குள் திரும்பப் போவது 1700. நூற்றுக்கு இரண்டே கால். மிச்சம் முழுக்கக் காற்றாடியைச் சுற்றும் பெரிய மோட்டார் தின்றது. இன்னொரு விதமாகச் சொன்னால், பெரிய மோட்டார் 130 வாட் பக்கம் இழுக்கும்போது நாலு சர்வோவும் சேர்ந்து ஒன்றரை வாட்.

காற்றோடு போராட அந்த ஒன்றரை வாட்டும்கூடத் தேவையில்லை. என் எய்லரான் ஒவ்வொன்றும் அரை மீட்டர் நீளம், நாலு சென்டிமீட்டர் அகலம். விமானம் நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதை இருபது டிகிரி திருப்பிப் பிடிக்க ஏறக்குறைய 0.2 கிலோ-சென்டிமீட்டர் திருப்புவிசை போதும் என்று கணக்கில் வருகிறது. கடைகளில் கிடைக்கும் எஸ்ஜி90 ரகச் சர்வோவின் அட்டையில் 4.8 வோல்ட்டில் 1.8 கிலோ-சென்டிமீட்டர் என்று போட்டிருக்கும். அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி 1.8 கிலோவைத் தொங்கவிட்டால் அதற்கு மேல் முடியாமல் திணறி நிற்கும் என்பது அதன் அர்த்தம். நமக்கு வேண்டியது அதில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆக பலமும் போதும், பேட்டரியும் போதும். பிறகு ஏன் விழுந்தது?

மாமாதான் மறுபடி வழியைக் காட்டினார். “நீ சராசரி பாக்கற. மோட்டாருக்கு சராசரி பாக்கக் கூடாது மாப்ள. ஸ்டார்ட்டிங்ல எவ்ளோ இழுக்குதுன்னு பாரு.”

ஐந்து ஹெச்.பி. மூன்று பேஸ் மோட்டார் ஓடும்போது ஏழரை ஆம்பியர் எடுக்கும். பட்டனை அமுக்கிய நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த நேரத்தில் மோட்டார் கொட்டகை பல்பு மங்கிப் பிறகு நிமிர்வதை நம் பக்கத்தில் பார்க்காதவர் யார்? சுற்றாத மோட்டார் வெறும் கம்பிச்சுருள். சுற்ற ஆரம்பித்த பிறகுதான் அதற்குள்ளேயே எதிர்மின்னழுத்தம் உண்டாகி வரும் கரண்ட்டைத் தடுக்கும். சர்வோவுக்குள் இருக்கும் குட்டி மோட்டாருக்கும் இதே கதைதான். அது சுமையே இல்லாமல் நகர்ந்தாலும், கிளம்பும் அந்தச் சில மில்லி செகண்டுக்கு, முழுசாகத் திணறி நிற்கும்போது எடுக்கும் கரண்ட்டுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. ஒன்பது கிராம் ரகத்தில் அது ஒரு சர்வோவுக்கு 0.7 ஆம்பியர் அளவு. நாலும் ஒன்றாகக் கிளம்பினால் 2.8.

மல்டிமீட்டர் இதைக் காட்டாது. நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் அது கண்ணைத் திறந்து பார்க்கும், இது கண் மூடியிருக்கும்போது நடந்து முடிந்துவிடும். பாலிடெக்னிக் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பனிடம் கெஞ்சி ஒரு சனிக்கிழமை ஆசிலோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தேன். சிவப்பு வயரில் 0.1 ஓம் மின்தடையை வைத்து அதன் இரு முனைகளையும் பார்த்தால் திரையில் 0.1 வோல்ட் என்பது ஒரு ஆம்பியர். குச்சிகளைக் கோடியிலிருந்து கோடிக்கு ஒரே வெட்டாக வெட்டினேன். சராசரி 0.3 என்று நான் நிம்மதியாக இருந்த அதே வயரில் 2.4 ஆம்பியர் முள் ஒன்று எழுந்து நின்றது. ஒரு தடவையில்லை, குச்சியை வெட்டும்போதெல்லாம் ஒரு கொத்து முள். நண்பன், “உன் ப்ளேன் கருவேலங்காடுடா” என்றான்.

இந்த இடத்தில் கரண்ட் கொடுப்பவனையும் விசாரிக்க வேண்டும். பேட்டரி 11.1 வோல்ட், முழுச் சார்ஜில் 12.6. சர்வோவுக்கும் ரிசீவருக்கும் வேண்டியது ஐந்து. மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே இந்த ஐந்து வோல்ட்டை உண்டாக்கிக் கொடுக்கும் ஒரு சின்னப் பகுதி இருக்கும், பெக் என்பார்கள். அதில் இரண்டு ஜாதி. மலிவான பெட்டிகளில் இருப்பது லீனியர். வேண்டாத வோல்ட்டை அது சூடாக்கிக் கொட்டிவிடும். 12.6-ல் ஐந்து போக 7.6 வோல்ட். ஒரு ஆம்பியர் எடுத்தால் 7.6 வாட் சூடு, நகத்தளவு ரெகுலேட்டர் சில்லுகள் இரண்டு மூன்றின் மேல். பயனுக்குப் போவது ஐந்து வாட், வீணாவது ஏழரை வாட். இன்னொரு ஜாதி ஸ்விட்ச்சிங், அது வெட்டி வெட்டிக் கொடுக்கும், வீணாவது கம்மி, சூடும் கம்மி. நாலு செல் பேட்டரி போட்டால் லீனியர் பெக்கில் இத்தனை சர்வோவுக்கு மேல் மாட்டாதே என்று கையேட்டில் கட்டம் போட்டு எச்சரித்திருப்பது இதனால்தான். என்னுடையது லீனியர், இரண்டு ஆம்பியர் என்று மேலே அச்சடித்திருந்தது. அந்த இரண்டு ஆம்பியர் எந்த வெயிலில், எவ்வளவு காற்று பட்டால் என்று யாரும் அச்சடிப்பதில்லை.

நான் அதை வைத்திருந்த இடம் எது? சன்பேக் வயிற்றுக்குள், மூடி போட்டு, சித்திரை வெயிலில். முன்னால் காற்று நுழைய ஒரு ஓட்டை வைத்தேன். வெளியே போக ஓட்டை வைக்க மறந்தேன். போக வழியில்லாத காற்று உள்ளே வரவும் வராது என்பதைச் சமையலறையில் புகைபோக்கி வைத்த எந்த அம்மாவும் சொல்லியிருப்பார்.

இவ்வளவும் இருந்தும் அன்றைக்கு முதல் நாலு நிமிடம் பறந்ததே? அங்கேதான் போக்ஸ் கம்பி வருகிறது. பழுதுபார்க்கும்போது சர்வோ சத்தத்தை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டேன். இடது எய்லரான் கோடிக்குப் போனதும் நிற்காமல் ‘கிர்ர்ர்’ என்று முனகியது. கம்பியின் வளைவு சன்பேக் ஷீட்டின் ஓரத்தில் இடித்துக்கொண்டிருந்தது. ரிமோட் ‘இன்னும் இரண்டு டிகிரி போ’ என்கிறது, அட்டை விடமாட்டேன் என்கிறது, சர்வோ தன் பலத்தையெல்லாம் போட்டுத் தள்ளிக்கொண்டே நிற்கிறது. போய்ச் சேர்ந்தால்தானே கரண்ட்டை நிறுத்தும்? மீட்டரில் அந்த ஒரு முனகலுக்கு மட்டும் 0.6 ஆம்பியர். குச்சியைக் கோடியில் பிடிக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் லீனியர் பெக் நாலரை வாட் கூடுதலாக வெந்திருக்கிறது.

ஆக அன்றைக்கு நடந்தது இப்படி இருக்க வேண்டும். நாலு நிமிடம் முனகி முனகி பெக் கொதித்துப் போயிருந்தது. மூக்கைக் கவிழ்த்ததில் வேகம் கூடியது. வேகம் இரண்டு மடங்கானால் தகட்டின் மேல் காற்று தள்ளும் விசை நாலு மடங்கு. அப்போது நான் இரண்டு குச்சியையும் வெடுக்கென்று இழுத்தேன், நாலு சர்வோவும் ஒரே நேரத்தில் கிளம்பின. சூடான பெக் அந்த முள்ளைத் தாங்காமல் ஐந்து வோல்ட்டை விட்டுக் கீழே இறங்கியது. நாலு வோல்ட்டுக்குக் கீழே போனால் என் ரிசீவருக்குச் சுயநினைவு இருக்காது. அது அணைந்தது. சிக்னல் இல்லாததால் மோட்டார் நின்றது, சர்வோக்கள் துவண்டன. சுமை போனதும் வோல்டேஜ் உடனே நிமிர்ந்தது, ரிசீவர் எழுந்து ரிமோட்டைத் தேடிப் பிடித்தது, எலிவேட்டர் தூக்கியது. இடையில் போன இரண்டு நொடியில் விமானம் தரைக்கு வந்துவிட்டது. நோ-வோல்ட் காயில். மாமா விரலால் தொட்டுச் சொன்னதைத்தான் நான் மூன்று வாரம் கருவி வைத்து எழுதிப் பார்த்திருக்கிறேன்.

“இதுக்கு ஸ்டார்-டெல்டா கெடையாதா?” என்று கேட்டார். பெரிய மோட்டார்களை முதலில் குறைந்த கரண்ட்டில் கிளப்பிப் பிறகு முழு வேகத்துக்கு மாற்றுவார்களே, அது. யோசித்தால் ஒரு விதத்தில் உண்டு. சில ரிமோட்டுகளில் சர்வோ நகரும் வேகத்தைக் குறைத்து வைக்கலாம், இறக்கை ஃப்ளாப்புக்குச் செய்வார்கள். எய்லரானுக்கு வைத்தால் காற்றில் பட்டென்று திருத்த முடியாமல் வேறு விதமாக விழுவோம்.

பெரிய கெப்பாசிட்டர் ஒன்றை ரிசீவரின் காலி இடத்தில் குத்தினால் போதும் என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். செய்து பார்த்தேன், கெடுதல் இல்லை. ஆனால் கணக்குப் போட்டால் 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒரு வோல்ட் இறங்குவதற்குள் ஒரு ஆம்பியரை இரண்டு மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல்தான் தாங்கும். முள்ளின் நுனியை மழுக்கலாம். முனகும் சர்வோவுக்கோ வெந்துபோன பெக்குக்கோ அது மருந்தாகாது.

நான் செய்தது வேறு. முதலில் கம்பி. அட்டையில் இடிக்கும் இடத்தை வெட்டி அகலப்படுத்தினேன். சர்வோ கையில் வெளி ஓட்டையில் மாட்டியிருந்த கம்பியை உள் ஓட்டைக்கு மாற்றினேன், தகட்டுப் பக்கத்துக் கொம்பில் உள்ளேயிருந்து வெளியே. நெம்புகோல் கணக்குதான். தகடு கொஞ்சம் குறைவாக ஆடும், சர்வோவுக்குப் பாரம் நன்றாகக் குறையும். முன்பு நான் மாட்டியிருந்தது இதற்கு நேர் தலைகீழ், தகடு நிறைய ஆட வேண்டும் என்ற பேராசை. பிறகு ரிமோட்டில் கோடிகளைக் குறைத்து, எந்த மூலையில் குச்சியைப் பிடித்தாலும் ஒரு சர்வோவும் முனகாத இடத்தில் நிறுத்தினேன். இரவு ஊர் அடங்கிய பிறகு காதில் வைத்துக் கேட்டுச் செய்தேன், பகலில் இந்த முனகல் கேட்காது. இவ்வளவுக்கும் காசு செலவில்லை.

அடுத்தது கொஞ்சம் செலவு. மூன்று ஆம்பியர் ஸ்விட்ச்சிங் பெக் ஒன்றைத் தனியாக வாங்கிப் பேட்டரியிலிருந்து நேரே ரிசீவருக்குக் கொடுத்தேன். அப்படிச் செய்தால் பழைய பெட்டியிலிருந்து வரும் மூன்று வயரில் நடுச் சிவப்பை மட்டும் கழற்றி டேப் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வயலுக்கு இரண்டு பேர் தண்ணீர் பாய்ச்சுவது போலாகிவிடும். வயிற்றின் பின்பக்கம் காற்று வெளியேற ஓட்டை போட்டேன், நுழையும் ஓட்டையைப்போல் இரண்டு மடங்கு.

டிஜிட்டல் சர்வோ போடலாமே என்று ஒரு தம்பி கேட்டான். டிஜிட்டல் ரகம் மோட்டாருக்கு நொடிக்கு 50 தடவைக்குப் பதில் 300 தடவை உந்துதல் கொடுக்கும். பிடித்த இடத்தை இறுகப் பிடிக்கும், சும்மா நிற்கும்போதும் ரீங்காரமிடும், கூடுதலாகக் குடிக்கும். தலைகீழாகப் பல்டி அடிக்கிற விமானத்துக்கு அது வேண்டும். ட்ரெய்னருக்கு எதற்கு? உண்மையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது எய்லரானே இல்லாத மூன்று சானல் ட்ரெய்னர். வளைந்த இறக்கை இருக்கிறதே, சுக்கானைத் திருப்பினாலே விமானம் சாயும். இரண்டே சர்வோ. முள்ளும் பாதி.

பெட்ரோல் போல் எரிபொருள் ஊற்றி க்ளோ எஞ்சினில் பறக்கவிட்ட காலத்தில் இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் இருந்தது. மோட்டார் பேட்டரி கிடையாது, சர்வோவுக்கென்றே 4.8 வோல்ட், 600 மில்லி ஆம்பியர் அவர் நிக்கல்-காட்மியம் பேட்டரி. ஃபுட்டபா எஸ்3003 போன்ற 37 கிராம் சர்வோக்கள். அங்கே கரண்ட் கொடுப்பவனுக்குக் கொதிப்பு கிடையாது, ஆனால் மொத்த மூட்டையும் சின்னது, ஐந்தாறு தடவை பறந்தால் தீர்ந்துவிடும். என்.சி.சி. விமானப் பிரிவில் அந்தக் காலத்தில் மாடல் விமானம் விட்ட பெரியவர் ஒருவரிடம் பேசினேன். ஒவ்வொரு தடவையும் பறக்கும் முன் பேட்டரியில் ஒரு சுமையை மாட்டிவிட்டுத்தான் வோல்ட் பார்ப்போம் என்றார். சுமையில்லாமல் பார்த்தால் செத்த பேட்டரியும் நல்ல வோல்ட் காட்டும். பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கு எல்லா மாப்பிள்ளையும் நல்லவன்தானே என்றார். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அதனால் சிரித்துவைத்தேன்.

இன்றைய மின்சார ட்ரெய்னரில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பேட்டரி இறங்கி ஒரு செல்லுக்கு மூன்று வோல்ட் பக்கம் வந்தால் பெட்டி பெரிய மோட்டாரை மட்டும் நிறுத்தும், பெக்கை நிறுத்தாது. மிச்சம் 200 மில்லி ஆம்பியர் அவர் இருந்தால் என் நாலு சர்வோவும் அதில் நாற்பது நிமிடம் ஓடும். சறுக்கி இறங்க ஒரு நிமிடம் போதும். நூற்றில் இரண்டே கால் பங்கு தின்பவனுக்குக் கடைசிச் சோறு எடுத்துவைத்திருக்கிறார்கள்.

ஆடியில் ஒருநாள் வேண்டுமென்றே காற்றில் விட்டுப் பார்த்தேன். இந்த முறை விமானத்துக்குள் கரண்ட்டைப் பதிவுசெய்யும் குட்டிக் கருவி ஒன்றை வைத்து. சராசரி 0.3-லிருந்து 0.45-க்கு ஏறியது. காற்று இறக்கையைத் தட்டிவிட, நான் திருத்த, அது தட்டிவிட, நான் திருத்த. பாதி திருத்தம் தேவையே இல்லாதது, என் பதற்றம். கையை விட்டால் தானே நிமிரும் விமானத்தை நான் சும்மா விடவில்லை. கல்வராயன் மலையில் சித்தி வீட்டு மரவள்ளிக் காட்டை ஒட்டிய தரிசிலும் ஒரு தடவை விட்டேன். மேலே காற்று கொஞ்சம் லேசு என்பதால் அதே இறக்கை அதே எடையைத் தூக்க விமானம் சற்று வேகமாக ஓட வேண்டியிருந்தது, சர்வோ கணக்கில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இல்லை. சரிவிலிருந்து எழும் காற்று மட்டும் என்னை ஆட்டிவைத்தது. சித்தப்பா, கீழே இறக்கு, ஆடு மிரளுது என்றார்.

ஏரியில் கூடும் பையன்களுக்கு வேறு கேள்வி. “அண்ணா, இது அஜித் விடுறது மாதிரியா?” நடிகர் அஜித் ஆலோசகராக இருந்த, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது வரைக்கும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே மாதிரிதான்டா, அது கொஞ்சம் பெரிசு என்று சொல்லிவைத்தேன். வளர்ந்த பிறகு உண்மை தெரிந்துகொள்ளட்டும். 2021-ல் வந்த ட்ரோன் விதிகள் இதையும் தொடும், கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் விடுகிற மாடல் என்று தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். கேட்கவில்லை, பந்து பொறுக்கப் போய்விட்டார்கள்.

பழுது பார்த்த விமானத்தை முதலில் விட்ட அன்று மாமாவும் வந்தார். பத்தரை மணி, நல்ல வெயில். நான் வேண்டுமென்றே எட்டு நிமிடமும் குச்சிகளைப் போட்டு ஆட்டினேன், கவிழ்த்தேன், வெடுக்கென்று இழுத்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை, கருவேல நிழலில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். இறக்கியதும் நேரே வந்து மூடியைத் திறந்து, பெட்டியின் மேல் ஒரு விரல், புதுப் பெக்கின் மேல் ஒரு விரல் வைத்தார். பத்து வரைக்கும் எண்ணியிருப்பார்.

“ம்” என்றார். மூடியை மூடிவிட்டு, டி.வி.எஸ். ஃபிஃப்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு கடைக்குப் போனார்.